தானே கற்றலா, தனியே கற்றலா: மருத்துவக் கல்லூரியில் ஆசிரியருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி, மார்ச் 4

“நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ‘சுயகற்றல்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் வருவார், வருகைப்பதிவு எடுப்பார், பலகையில் ஒரு தலைப்பை எழுதுவார், போய்விடுவார். நாங்கள் கைப்பேசியில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான காணொளி பார்த்துக்கொண்டிருப்போம். மாணவனே படித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அங்கே ஆசிரியர் எதற்கு? விடுதி அறையிலேயே படித்துவிட மாட்டோமா?”

மார்ச் 4, இரவு

அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆசிரியருக்கு வேலை அதிகம். பதினேழு ஆண்டுகளாகப் பொது மருத்துவத்தில் கற்பிக்கிறேன். பழகிய தலைப்பில் விரிவுரை என்றால் அரை மணி நேரத்தில் தயாராகிவிடுவேன். உருப்படியான சுயகற்றல் வகுப்பு ஒன்றுக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடுகிறது.

உங்களுக்கு நடப்பது அநியாயம். அதற்குச் சுயகற்றல் என்று பெயர் வைத்திருப்பது அதைவிட அநியாயம்.

மார்ச் 5

நேற்று கோபத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். இது எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. திறன் சார்ந்த கல்வி என்றார்கள். படித்து வெளியே வருபவர் நல்ல மருத்துவராக மட்டும் இருந்தால் போதாது, வாழ்நாள் முழுவதும் கற்பவராகவும் இருக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்தார்கள். விரிவுரைகள் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார்கள். சுயகற்றலுக்கென்று மணிக்கணக்கும் கொடுத்தார்கள். அந்த 2019 விதிமுறையில் உடற்கூறியலுக்கு மொத்தம் 675 மணி நேரம், அதில் சுயகற்றல் 40. உடலியலுக்கு 495-ல் 25. உயிர்வேதியியலுக்கு 250-ல் 20.

எண்ணம் நல்லது. ஆனால் பல இடங்களில் அட்டவணையில் கட்டம் வந்ததே தவிர, அந்தக் கட்டத்துக்குள் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது வரவில்லை. முப்பது ஆண்டுகள் மேடையில் நின்று பேசியவரிடம் “இனி பேசாதீர்கள்” என்றால் அவர் வெளியே போகத்தான் செய்வார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேசாமல் உட்கார்ந்து கற்பிப்பது எப்படி என்று அவருக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் 5, மாலை

ஒரு சொல் விளையாட்டு, ஆனால் முக்கியமானது. தானே கற்பது வேறு, தனியே கற்பது வேறு. ‘தானே’ என்பதில் முனைப்பு இருக்கிறது: எனக்கு எது தெரியவில்லை என்று நானே கண்டுபிடிக்கிறேன், எங்கே தேடுவது என்று நானே முடிவு செய்கிறேன், கற்றேனா என்று நானே சோதித்துக்கொள்கிறேன். ‘தனியே’ என்பதில் ஆள் இல்லாமைதான் இருக்கிறது.

அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975-ல் சுயகற்றலுக்குக் கொடுத்த விளக்கத்தை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். மாணவரே முன்முயற்சி எடுக்க வேண்டும் என்று சொன்னவர், பிறர் துணையோடும் இருக்கலாம், துணை இல்லாமலும் இருக்கலாம் என்று சேர்த்தே சொல்லியிருந்தார். நம் கல்லூரிகளில் ‘பிறர் துணையோடும்’ என்பதைக் கேட்கவே இல்லை.

மார்ச் 7

“மாணவன் தன் குறையைத் தானே கண்டுபிடிப்பான் என்கிறீர்கள், பிறகு ஆசிரியர் எதற்கு?” என்று அதே வாசகர் மறுபடி கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் பிடித்துவிட்டார். கண்டுபிடிக்க முயல்வான், பெரும்பாலும் தவறாகக் கண்டுபிடிப்பான். அதற்குத்தான் ஆசிரியர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. ஐந்து மாணவர்கள். “பதினான்காம் கட்டில் நோயாளியை நீங்களே பாருங்கள், மூன்று நாள் கழித்து வந்து சொல்லுங்கள்” என்று அனுப்பினேன். அவர்களைச் சுதந்திரமாக விடுகிறேன் என்று எனக்குப் பெருமை. மூன்றாம் நாள் வந்தார்கள். வரலாறு அருமையாக எழுதியிருந்தார்கள். வயிற்றுப் பரிசோதனையில் “மண்ணீரல் தட்டுப்படவில்லை” என்று ஐந்து பேருமே எழுதியிருந்தார்கள். புறநோயாளி பிரிவுக்குப் போகும் அவசரத்தில் அவர்களின் லாக் புக்கில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை ரவுண்ட்ஸில் அந்த நோயாளியின் வயிற்றில் நானே கை வைத்தேன். மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் நேர்மையாகத் தாங்களே பரிசோதித்த அந்த ஐந்து பேருக்குத்தான் தெரியாது.

மறுநாள் அவர்களை அழைத்துப்போய், “நேற்றுச் செய்ததை அப்படியே செய்யுங்கள்” என்று கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தேன். முதல் பெண் கையை இடது விலா எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே வைத்தாள். நோயாளியை மூச்சை இழுக்கச் சொன்னாள். மண்ணீரலின் விளிம்பு வந்து விரலில் முட்டும் என்று காத்திருந்தாள். முட்டவில்லை. எப்படி முட்டும்? கையே மண்ணீரலின் மேல்தான் இருந்தது. விளிம்பு அதற்கு வெகு கீழே, வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி இடது விலாவை நோக்கி மெதுவாக ஏற வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவளும் படித்திருந்தாள். வைவாவில் கேட்டிருந்தால் வாய் பிசகாமல் சொல்லியிருப்பாள். கைதான் அவசரப்பட்டுவிட்டது.

அவள் மணிக்கட்டைப் பிடித்து வலது அடிவயிற்றில் வைத்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு விரற்கடை. நான்காவது மூச்சில் முகம் மாறியது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்ணீரலின் விளிம்பில் இயல்பாகவே இருக்கும் பள்ளத்தை அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

மூன்று நாள் முழுச் சுதந்திரம் கொடுத்தும் அது கிடைக்கவில்லை. நான்கு மூச்சு நேரம் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்ததில் கிடைத்தது. நான் முதல் நாளே நின்றிருக்க வேண்டும். பார்க்காததற்கு நான் போட்ட அந்தக் கையெழுத்து இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மார்ச் 8

இது மாணவர்களுக்கு மட்டும் உள்ள குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர்கள் தங்கள் திறமையைத் தாங்களே எவ்வளவு சரியாக எடை போடுகிறார்கள் என்று டேவிஸும் அவருடன் இருந்தவர்களும் 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். சுயமதிப்பீட்டையும் வெளியார் மதிப்பீட்டையும் ஒப்பிட்ட இருபது ஒப்பீடுகளில் பதின்மூன்றில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை, அல்லது மிகக் குறைவு, அல்லது தலைகீழ். திறமை குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களும்தான் மோசமாகத் தவறினார்கள்.

மார்ச் 11

ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “இதெல்லாம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் தொடங்கி வைத்த வெளிநாட்டு மோஸ்தர். அங்கே பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். இங்கே 150 பேருக்கு எத்தனை பேர்?”

முதலில் ஒரு திருத்தம், ஐயா. முன்னோடி மாஸ்ட்ரிக்ட் இல்லை. கனடாவின் ஹாமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அங்கே 1969-ல் முதல் அணி சேர்ந்தது. நோயாளியின் பிரச்சினையை முதலில் வைத்து, அதைத் தீர்க்க என்ன தெரிய வேண்டும் என்று மாணவர்களையே தேட வைத்தார்கள். மாஸ்ட்ரிக்ட் 1974-ல் அதே வழியில் தொடங்கி, அதை ஏழு படிகளாக ஒழுங்கு செய்தது.

ஆள் கணக்கு பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. அதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. 150 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் பதினைந்து குழு. எங்கள் துறையில் ஒரே நேரத்தில் பதினைந்து ஆசிரியர்கள் கிடைத்த நாள் ஒன்றுகூட இல்லை. பட்ட மேற்படிப்பு (பிஜி) மாணவர்களை வைத்துச் சமாளிக்கிறோம். முந்தைய இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து, தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருப்பார்கள் பாவம்.

மார்ச் 11, இரவு

பிஜி மாணவர்களைப் பற்றி எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சிறு குழுவை நடத்துபவருக்குப் பாடம் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டுமா, நடத்தத் தெரிந்தால் போதுமா என்று மாஸ்ட்ரிக்ட்டில் நீண்ட காலம் வாதிட்டார்கள். அங்கிருந்த ஆய்வாளர்கள் ஷ்மிட், மௌஸ்ட் இருவரும் 1995-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பாட அறிவும் வேண்டும், மாணவன் மேல் அக்கறையும் வேண்டும், இரண்டும் சேர்ந்து, மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்று அவன் இடத்திலிருந்து பார்த்து அவன் மொழியில் பேசத் தெரிய வேண்டும். இந்த மூன்றாவதில் எங்கள் பிஜிக்கள் என்னைவிடப் பல மடங்கு மேல். நேற்றுத்தான் அதே குழியில் விழுந்து எழுந்தவர்கள் அவர்கள். நான் விழுந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, குழி இருந்த இடமே மறந்துபோகிறது.

மார்ச் 16

தலைப்பு எழுதிவிட்டுப் போகும் ஆசிரியரைத் திட்டினேன். நானும் தலைப்புக் கொடுத்தவன்தான். “ரத்தசோகை” என்று கொடுத்தேன். முப்பது பேர் ஆளுக்கொரு தொகுப்பு செய்து வந்தார்கள். வகைப்பாடு, காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை. வரிசைகூட மாறவில்லை. எல்லோரும் ஒரே இணையப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். கேள்வி கேட்காதவனிடம் தகவலைத் திரட்டச் சொன்னால் திரட்டத்தான் செய்வான்.

அடுத்த அணிக்குத் தலைப்பே கொடுக்கவில்லை. வார்டில் இருந்த ஒரு நோயாளியைக் கொடுத்தேன். வயது 34. ஹீமோகுளோபின் 6.2. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை. ஏறவில்லை. “ஏன்?” இவ்வளவுதான் பலகையில் எழுதினேன்.

பிறகு என்ன செய்தேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி அதைப் பற்றியதுதான். முதல் இருபது நிமிடம் புத்தகம் திறக்கக் கூடாது என்றேன். தெரிந்ததை வைத்து ஊகிக்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் போகிறதா, கொக்கிப்புழுவா, குடல் உறிஞ்சவில்லையா, இது இரும்புக் குறைபாடே இல்லாமல் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறா என்று பலகை நிறைந்தது. ஒவ்வொன்றுக்கும் “இது உண்மை என்றால் வேறு எது தெரிய வேண்டும்?” என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லத் துடித்த நாக்கைக் கட்டிப்போடுவதுதான் அன்றைக்குக் கடினமான வேலை. பிறகு யார் எதைத் தேடுவது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் அவகாசம்.

ஒரு மாணவன் நூலகத்துக்குப் போகவில்லை. நேராக அந்த அம்மாவின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து, “அம்மா, மாத்திரையை எப்போது போடுவீர்கள், எதோடு போடுவீர்கள்?” என்று கேட்டிருக்கிறான். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, உள்ளே ஏதோ அழுகுகிறது என்று பயந்து இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டேன், டாக்டர்கள் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் “மாத்திரை ஒழுங்காக உட்கொள்கிறார்” என்று இருந்தது. எங்களில் யாரோ எழுதியதுதான் அது.

மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு. கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் அந்தக் கட்டிலுக்கு வந்திருக்கவே மாட்டார்.

மார்ச் 17

“அந்த மாணவன் தானே கேட்டான். இதில் உங்கள் பங்கு என்ன?” என்று ஒருவர்.

இரவெல்லாம் யோசித்தேன். பதில் என் வாயில் இல்லை, புத்தகத்திலும் இல்லை, நோயாளியிடம் இருக்கிறது என்னும்படியாக ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன். அது என் பங்கு. அவன் வந்து சொன்னபோது கேஸ் ஷீட் தவறு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அதுவும் என் பங்கு. மூத்தவர் எழுதியதைச் சந்தேகிக்கலாம் என்று அன்றைக்கு அந்த வகுப்பு பார்த்தது.

மார்ச் 22

தனிச் செய்தியில் ஒரு மாணவி எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ‘நீங்களே படித்து வாருங்கள்’ என்று ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகிறது, பாதி நேரம் அகராதியில் போகிறது, மற்றவர்கள் முடித்துவிட்டு வந்து பேசும்போது வாய் திறப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. 2020-ல் வந்த அந்த ஒதுக்கீட்டால் எங்கள் வகுப்பறையும் மாறியிருக்கிறது, நாங்கள் மாறினோமா என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே அவகாசம், ‘தானே படி’ என்பது சமமாகத் தெரிகிறது. ஓடத் தெரிந்தவனுக்கும் இப்போதுதான் நடக்கப் பழகுபவளுக்கும் ஒரே தூரத்தைக் குறித்துவிட்டு, விசில் அடித்துவிட்டுப் போவதுதான் அது.

ஜெரால்ட் க்ரோ என்பவர் 1991-ல் இதற்கு நான்கு படி சொன்னார்: ஆசிரியரைச் சார்ந்திருப்பவர், ஆர்வம் வந்தவர், ஈடுபட்டவர், தானே நடப்பவர். ஆசிரியரும் படிக்கு ஏற்றபடி மாற வேண்டும். முதல் படியில் நிற்பவருக்கு நான்காம் படி ஆசிரியர் கிடைத்தால் அவர் திகைத்து நின்றுவிடுவார். நான்காம் படியில் இருப்பவரை முதல் படி ஆசிரியர் கையைப் பிடித்து இழுத்தால் அவர் எரிச்சலாவார். இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது: யாராவது ஓர் ஆசிரியரிடம் அரை மணி நேரம் கேளுங்கள், ஒரே ஒரு பக்கத்தைச் சேர்ந்து படிக்க. படத்தை முதலில் பார்ப்பது, பத்தியின் முதல் வரியைப் பிடிப்பது, ‘நெஃப்ரோ’ என்றால் சிறுநீரகம், ‘ஐடிஸ்’ என்றால் அழற்சி என்று சொல்லை உடைத்துப் பார்ப்பது. ஐம்பது வேர்ச்சொல் கைவந்துவிட்டால் அகராதி பாதி நேரம் மூடியே இருக்கும். தமிழில் யோசித்து, தமிழில் குறிப்பெடுத்து, தோழிக்குத் தமிழில் விளக்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 19-ம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார்.

மார்ச் 23

‘தோழிக்கு விளக்குங்கள்’ என்றதும் தமிழாசிரியர் ஒருவர் நன்னூலை நினைவூட்டினார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்குதான் கிடைக்கும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை என்று பவணந்தியார் கணக்குப் போட்டிருக்கிறார். மிக்க நன்றி ஐயா. இதை என் அடுத்த வகுப்பில் சொல்லப்போகிறேன். பிஜி மாணவர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லித்தருவது ஆள் பற்றாக்குறைக்கான சமாளிப்பு என்று மார்ச் 11-ல் எழுதினேன். சமாளிப்பு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அந்த அரைப் பங்கு பிஜிக்குத்தான் போகிறது.

மார்ச் 29

காணொளி பற்றிப் பலர் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே நுழைவுத் தேர்வுக் காணொளி பார்ப்பதும் சுயகற்றல்தானே என்று.

மாணவர்கள் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். சில காணொளிகள் எங்கள் விரிவுரைகளைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அதில் கேள்வியும் காணொளியில் பாடம் எடுப்பவருடையது, வரிசையும் அவருடையது, விடையும் அவருடையது. ஆசிரியர் ஊர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். உங்கள் விரல் எங்கே தொடங்கியது என்று திரையில் இருப்பவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 6

முதலில் கேள்வி கேட்ட மாணவருக்கு. வியாழக்கிழமை வகுப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆசிரியரிடம் குறையாகச் சொல்லாதீர்கள். முந்தைய நாளே நீங்கள் நான்கு பேர் வார்டில் ஒரு நோயாளியைப் பார்த்து, விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதி எடுத்துப்போங்கள். “சார், இதில் எங்கள் யோசனை சரியாகப் போகிறதா என்று பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் போக முடியுமா?” என்று கேளுங்கள். நல்ல கேள்வியைக் கேட்ட பிறகு எழுந்து போகும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏப்ரல் 20

மறுபரிசோதனைக்கு அந்த அம்மா வந்திருந்தார். ஹீமோகுளோபின் 9.4. கேள்வி கேட்ட மாணவன் இப்போது அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கிறான். அவனுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: “மகிழ்ச்சி சார். ஒரு சந்தேகம். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் உடல் இன்னும் நன்றாக உறிஞ்சுகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று 2017-ல் சொல்கிறது. ஒரு வேளை மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த நாள் மாத்திரையைத் தடுக்கிறதாம். நம் வார்டில் ஏன் தினமும் கொடுக்கிறோம்?”

அந்த ஆய்வை நான் படித்ததில்லை. அப்படியே சொன்னேன். அன்றிரவு படித்தேன். மறுநாள் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: “அந்த ஆய்வில் இருந்த பெண்கள் யார்? அவர்களுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?”

ஏப்ரல் 22

வந்துவிட்டான், கட்டுரையை அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டு. “சார், அவர்கள் இரும்புச் சேமிப்பு குறைந்தவர்கள்தான், நம் நோயாளி மாதிரிக் கடும் ரத்தசோகை உள்ளவர்கள் இல்லை. அதனால் அப்படியே இவருக்குப் பொருத்த முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்துபவர்களுக்கு யோசிக்கலாமா?”

திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் அவனையே பேசச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம். நான் கடைசி வரிசையில் உட்காரப்போகிறேன்.